திறப்பு என் இடுப்பில் இருந்தது

யாழ்ப்பாண மாவட்டத்தின் 17 உள்ளூராட்சி சபைகளின் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள். நெடுந்தீவிலிருந்து வடமராட்சி கிழக்கு வரை உங்கள் எல்லோருக்கும் ஒரே கடிதத்தை எழுதுகிறேன். தனித்தனியே எழுதினால் ‘அது எங்கட எல்லைக்குள்ள வராது’ என்று ஒருவர் மற்றவரைக் காட்டக்கூடும் என்ற பயம்தான் காரணம். உங்களில் சிலருக்கு நான் கணிதம் படிப்பித்திருக்கிறேன். ‘கௌரவ உறுப்பினர்’ என்று எழுதப் போனால் பேனை தயங்குகிறது. ‘எடேய்’ என்று கூப்பிட்டுப் பழகிய வாய், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஓய்வுபெற்ற பிறகு மகளின் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு ஆசுபத்திரியில் வேலை, ஒரு கிழமை பகல், ஒரு கிழமை இரவு. பேரன் தனியே இருந்து அலுக்கிறான் என்று ஒழுங்கையிலிருந்து இன்னொரு பிள்ளை வந்தது. அந்தப் பிள்ளையின் தாய் வங்கியில் வேலை செய்யும் தன் சிநேகிதிக்குச் சொல்ல, இன்னும் இரண்டு வந்து சேர்ந்தன. இப்போது என் முன்விறாந்தையில் 4 பிள்ளைகள். மாதம் முடிய தாய்மார் ஓர் உறையில் காசு வைத்துத் தருகிறார்கள். முதல் மாதம் வேண்டாம் என்று சொன்னேன். இரண்டாம் மாதம் வாங்கிக்கொண்டேன். ஆக, நானும் ஒரு ‘டே கெயர்’ நடத்துகிறேன். எந்த அலுவலகத்தின் எந்தக் கோப்பிலும் என் பெயர் இல்லை. என் வீட்டுக் கிணற்றுக்கு மூடி இருக்கிறதா என்று ஒருவரும் வந்து பார்த்ததில்லை. இப்படிப்பட்ட ஒருத்திதான் உங்களிடம் ஒரு விதி எழுதச் சொல்லிக் கேட்கிறேன், என்னையும் சேர்த்துக் கட்டுகிற விதியை.

ஏன் கேட்கிறேன் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அதை இதுவரை பகிரங்கமாகச் சொன்னதில்லை.

1990-களின் முற்பகுதி. பொருளாதாரத் தடைக் காலம். குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெயைத் துளி துளியாக எண்ணிச் செலவழித்தோம். பகலில் பள்ளிக்கூடம், பின்னேரம் என் வளவில் ரியூசன். மாமரத்துக்குக் கீழே கிடுகு வேய்ந்த கொட்டில், சுற்றிவரக் கிடுகுத் தட்டி, ஒரே ஒரு வாசல். 6 வாங்குகளில் 40 பிள்ளைகள் நெருக்கியடித்து இருப்பார்கள். சாதாரண தரப் பரீட்சை கிட்டினால் இருட்டிய பிறகும் வகுப்பு நடக்கும். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் ஒரு திரியும் வைத்துச் செய்த விளக்குகள் 3 எரியும். பின்வாங்குப் பெடியள் நழுவிவிடுவார்கள் என்று வாசல் தட்டிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வேன். பெற்றோருக்கும் அது பிடித்திருந்தது. ‘ரீச்சர் பூட்டி வைச்செண்டாலும் படிப்பிப்பா’ என்ற பேச்சு என் வகுப்புக்கு விளம்பரமாக இருந்தது.

ஓர் இரவு யாரோ ஒரு பிள்ளையின் முழங்கை பட்டு விளக்கு சரிந்தது. ஒரு கொப்பி பற்றியது. அதிலிருந்து தட்டி பற்றியது. காய்ந்த கிடுகு எரியும் வேகத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லி விளங்காது. தலைப்பு முடிச்சை அவிழ்க்க முடியாமல் என் விரல்கள் நடுங்கியதுதான் எனக்கு இன்றைக்கும் துல்லியமாக நினைவிருக்கிறது. அதற்குள் பின்வாங்குப் பெடியள், யாருக்காக நான் பூட்டினேனோ அதே பெடியள், மறுபக்கத் தட்டியை உதைத்துப் பிரித்து எல்லோரையும் வெளியே இழுத்துவிட்டார்கள். கிணற்றடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தது. ஒரு பிள்ளையின் பாவாடைக் கரை கருகியதோடு முடிந்தது. அது கிடுகுத் தட்டி. சீமெந்துச் சுவராக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் வெளியில் இருந்திருக்க மாட்டேன்.

அடுத்த நாள் ஒரு தகப்பன் சைக்கிளில் 10 கிடுகு கட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கினார். ‘வேய்ஞ்சுபோட்டு வகுப்பைத் தொடங்குங்கோ ரீச்சர்’ என்றார். விளக்கைப் பற்றியோ பூட்டைப் பற்றியோ அவர் ஒரு சொல் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பூட்டுவதை மட்டும் விட்டுவிட்டேன்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துச் செய்தி வானொலியில் வந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஸ்ரீகிருஷ்ணா பள்ளியில் மதியச் சாப்பாடு சமைத்த இடத்தில் எழுந்த தீ மாடியின் கூரைக்குத் தாவி, 94 பிள்ளைகள் போய்விட்டார்கள். கூரை, ஓலைக் கூரை. இறங்கும் வழி குறுகல். நான் செய்ததைச் செய்தவர்களுக்கு என் அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பள்ளிகளின் ஓலைக் கூரைகளை இறக்கினார்கள். பிறகுதான் இறக்கினார்கள். அது அரசு உதவி பெற்ற பள்ளி, அரசாங்கத்தின் கண் படாத மூலை அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். இதை ஏன் சொல்கிறேன் என்பதற்குக் கீழே வருவேன்.

எங்கள் ஊரில் இன்று எதற்கெல்லாம் அனுமதி வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். தலைமயிர் வெட்டும் சலூனுக்கு உங்கள் சபையின் உரிமம் வேண்டும். வெதுப்பகத்துக்கு வேண்டும், சாப்பாட்டுக் கடைக்கு வேண்டும், தங்குவிடுதிக்கு வேண்டும். 1980-ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. வடைத் தட்டை மூடச் சொல்கிறார், சரியான வேலை. பிள்ளைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்களுக்கு 1941-ஆம் ஆண்டிலேயே அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. தையல், கணினி, அழகுக்கலை என்று தொழிற்பயிற்சி நடத்துவோர் 1990-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டப்படி ஆணைக்குழுவில் பதிய வேண்டும். நேசறிகள், அதாவது முன்பள்ளிகள், 13-ஆம் திருத்தத்தின்படி மாகாணத்தின் மேற்பார்வையில் இருக்கின்றன. அங்கேயும் குறைகள் உண்டு. ஆசிரியைகளுக்குக் கொடுக்கும் கொடுப்பனவைச் சம்பளம் என்று சொல்ல வாய் கூசும். ஆனாலும் ஒரு கோப்பாவது இருக்கிறது.

பின்னேரம் 3 மணிக்குப் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை போய் இருக்கும் ரியூட்டரிக்கு, அதாவது ரியூசன் நிலையத்துக்கு? கடைத்தெருவில் இரண்டாம் மாடியில், கீழே பெயின்ற் கடை, ஒரே படிக்கட்டு, ஒரு மண்டபத்தில் 200 பேர். அங்கே கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. டெங்குக் காலத்தில் மட்டும் ஒருவர் வந்து பின்வளவில் சிரட்டையும் யோக்கட் கோப்பையும் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். நுளம்பின் முட்டையைத் தேடி வருகிற கண் பிள்ளையின் படிக்கட்டில் படாமல் திரும்புவது எனக்கு எப்போதும் ஆச்சரியம். அவருடைய குற்றமும் அல்ல. அவர் கையிலுள்ள படிவத்தில் படிக்கட்டுக்குக் கட்டம் இல்லை.

இந்த ஓட்டை எப்படி விழுந்தது என்பது எனக்கு ஓரளவு விளங்கும், ஏனென்றால் அதற்குள்தான் நான் வாழ்ந்தேன். 1960, 1961-ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவிபெறும் பள்ளிகளை அரசுடைமையாக்கின, புதிதாகத் தனியார் பள்ளி திறக்கும் வழியையும் அடைத்தன. பள்ளிக்கூடம் என்ற சொல்லைச் சுற்றி வேலி கட்டியாயிற்று. 1970-களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. யாழ்ப்பாணப் பிள்ளைக்குப் பல்கலைக்கழக வாசல் ஒடுங்கியது. ஒரு புள்ளி, அரைப் புள்ளி என்று ஓட வேண்டியிருந்தது. அந்த ஓட்டத்துக்கு ரியூட்டரிகள் முளைத்தன. அவை வேலிக்கு வெளியே முளைத்தன. பள்ளிக்கூடம் என்று பெயர் இல்லாததால் பள்ளிக்கூடத்துக்குரிய ஒரு விதியும் அவற்றைத் தொடவில்லை. பிறகு யுத்தம். குண்டு விழும் ஊரில் படிக்கட்டின் அகலத்தைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். பங்கர் இருக்கிறதா என்றுதான் கேட்டோம். அந்தப் பழக்கம் எங்களுக்குள் இன்னும் இருக்கிறது. பிள்ளை உயிரோடு வீடு வந்தால் போதும், மிச்சத்தைக் கேட்காதே என்ற பழக்கம்.

இனி, உங்களில் பலர் எதிர்பார்க்கும் விடயத்துக்கு வருகிறேன். ரியூசனை ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற பேச்சு இங்கே புதிதல்ல. சமயப் பெரியவர்களும் மாவட்டச் செயலகமும் பலமுறை கூடிப் பேசியிருக்கிறார்கள். கீழ் வகுப்புகளுக்கு வெள்ளி பின்னேரமும் ஞாயிறும் ரியூசன் கூடாது என்ற அறிவிப்புகளும் வந்தன. அறநெறி வகுப்புக்குப் பிள்ளைகள் போக வேண்டும் என்பது நோக்கம். நானும் சைவப்பழமாகத்தான் வளர்ந்தேன், தேவாரம் பாடினால் கணக்கு ஓடிப்போகும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் பாருங்கள், எப்போதும் பேச்சு நாளைப் பற்றியே நடக்கிறது. எந்த நாள் திறக்கலாம், எந்த நாள் பூட்ட வேண்டும். திறந்திருக்கும் 5 நாளிலும் அந்த அறைக்குள் என்ன இருக்கிறது என்று எந்தக் கூட்டத்திலும் கேட்டதாக நான் அறியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆபத்தான படிக்கட்டு திங்கட்கிழமை பாதுகாப்பாகிவிடாது.

(ஓய்வு நாள் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. 1991-இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31-ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமை என்கிறது. அந்த உரிமைக்குத் தேவாரமும் நிபந்தனை அல்ல. சும்மா இருந்து புளியங்கொட்டை விளையாடினாலும் அது அவனுடைய ஞாயிறு.)

அதே சமவாயத்தின் 3-ஆம் உறுப்புரையில் மூன்றாம் பந்தியை நான் கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பிள்ளைகளைப் பராமரிக்கும், பாதுகாக்கும் நிறுவனங்கள் தகுதிவாய்ந்த அதிகாரிகள் விதித்த தரங்களுக்கு அமைய இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும், விசேடமாகப் பாதுகாப்பிலும் சுகாதாரத்திலும் ஊழியரின் எண்ணிக்கையிலும் தகுதியிலும் மேற்பார்வையிலும் என்பது அதன் சாரம். 30 வருடங்களுக்கு மேலாகிறது. ‘தகுதிவாய்ந்த அதிகாரி’ எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வெளியூர்களில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் ஆறுதலும் கிடைக்கிறது, எச்சரிக்கையும் கிடைக்கிறது. 2019 மே 24-இல் சூரத் நகரில் ஒரு வணிகக் கட்டடத்தின் மேல் மாடியில் நடந்த பயிற்சி வகுப்பில் தீப்பிடித்து 22 மாணவர்கள் இறந்தார்கள். மாடியிலிருந்து குதித்தவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2024 ஜூலையில் டில்லியில் ஒரு பயிற்சி நிலையத்தின் நிலக்கீழ் அறைக்குள் மழைவெள்ளம் புகுந்து 3 பேர். அந்த வருடம் ஜனவரியில்தான் இந்தியக் கல்வி அமைச்சு பயிற்சி நிலையங்களுக்குப் பதிவு வேண்டும், ஒரு பிள்ளைக்கு இவ்வளவு இடம் வேண்டும் என்று வழிகாட்டி வெளியிட்டிருந்தது. வழிகாட்டி என்பது கடதாசி. தண்ணீருக்கு அது தெரியாது.

இங்கிலாந்தில் 2015-இல் அரசாங்கம் பள்ளிக்கு வெளியே பிள்ளைகள் கூடும் இடங்களைப் பதியவும் பரிசோதிக்கவும் ஒரு யோசனை கொண்டுவந்தது. ஞாயிற்றுப் பள்ளிகளுக்குள் அரசு மூக்கை நுழைக்கிறது என்று மத அமைப்புகள் கிளம்பின. 2018-இல் அதைக் கைவிட்டார்கள். 2020-இல் கட்டாயமில்லாத ஒரு வழிகாட்டியோடு நிறுத்திக்கொண்டார்கள். லண்டனில் எங்கள் பிள்ளைகள் போகும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளும் அந்த வகைக்குள்தான் வருகின்றன. ஆனால் அதே நாட்டில் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் இடத்துக்கு விதி கண்டிப்பானது. 2 வயதுக்குக் கீழே 3 பிள்ளைக்கு ஓர் ஆள், 2 வயதில் 5 பிள்ளைக்கு ஓர் ஆள், 3 வயதுக்கு மேல் பொதுவாக 8 பிள்ளைக்கு ஓர் ஆள். நான் தனி ஆளாய் 4 பேரைப் பார்த்துவந்தேன், அதில் இரண்டுக்கு இன்னும் 2 வயதாகவில்லை. ஒன்று மலசலகூடத்துக்கு ஓடும்போது மற்ற மூன்றையும் யார் பார்ப்பது? கேள்வியை நானே கேட்டு, பக்கத்து வீட்டுத் தங்கச்சியைக் காலை 9 மணியிலிருந்து வரச் சொல்லியிருக்கிறேன். உறைக்காசில் பாதி இப்போது அவளுக்கு.

ரொறன்ரோ கதையை எங்கள் சனம் இன்னும் கூர்ந்து கேட்க வேண்டும், அங்கே பேரப்பிள்ளை பார்க்கப் போன அம்மம்மாக்கள் எங்கள் ஒழுங்கையிலேயே நாலு பேர். அந்த நகரம் இருக்கும் மாகாணத்தில் உரிமம் இல்லாமலும் வீட்டில் பிள்ளை பார்க்கலாம், ஆனால் வெளிப்பிள்ளைகள் 5 பேருக்கு மேல் கூடாது. 2013 ஜூலையில் நகரத்துக்கு வடக்கே வோன் என்ற இடத்தில், அந்த எல்லையைப் பலமடங்கு தாண்டி நடந்த ஒரு வீட்டில், வெயிலில் நின்ற காருக்குள் மறந்துவிடப்பட்ட ஒரு 2 வயதுக் குழந்தை இறந்தது. அந்த வீட்டைப் பற்றி அமைச்சுக்கு முன்பே முறைப்பாடுகள் போயிருந்தன. எல்லாவற்றையும் போய்ப் பார்க்கவில்லை. 2014-இல் மாகாணத்தின் குறைகேள் அதிகாரி இதை விசாரித்து எழுதிய அறிக்கை முழுக்க அதிகாரிகளின் அசட்டையைப் பற்றியது. அந்த வருடமே புதிய சட்டம் வந்தது. விதி இல்லாமல் நடந்த சாவல்ல இது. விதி இருந்தது, எழும்பிப் போய்ப் பார்க்க ஆள் இருக்கவில்லை. கும்பகோணத்தைப் பற்றி மேலே நான் சொல்லாமல் விட்டதும் இதுதான். சட்டகம் போட்டு மாட்டுகிற சான்றிதழை மட்டும் தருவதென்றால் அந்த அச்சுக்கூலியை மிச்சம் பிடியுங்கள்.

உங்களிடம் அதிகாரம் இல்லை என்று சொல்வீர்கள், தெரியும். சிறுவர் விடயம் மத்திக்கு, கல்வி மாகாணத்துக்கு, எங்களுக்குக் குப்பையும் தெருவிளக்கும் என்று ஓர் உறுப்பினர் என்னிடமே சொன்னார். பாதி உண்மை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1998-ஆம் ஆண்டின் 50-ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. பகல் பராமரிப்பு நிலையங்களுக்கு அது நல்ல வழிகாட்டிகளையும் எழுதியிருக்கிறது. வழிகாட்டியை மீறினால் என்ன என்பதற்கு அதில் பதில் இல்லை. மாகாண சபை நியதிச்சட்டம் இயற்றலாம். ஆனால் 2013-இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. இருப்பது நீங்கள்தான். 2025 மே 6-இல் வரிசையில் நின்று உங்களைத்தான் தெரிவு செய்தோம்.

சலூனுக்கும் வெதுப்பகத்துக்கும் உங்கள் சபை எந்த வழியில் உரிமம் கொடுக்கிறதோ, அந்த வழி இதற்கும் உண்டு. உபவிதி. 17 சபையும் 17 விதமாக எழுதி மண்டையை உடைக்கவும் வேண்டாம். 1952-ஆம் ஆண்டின் 6-ஆம் இலக்கச் சட்டம் ஒரு மாதிரி உபவிதியை ஒருமுறை எழுதி, சபைகள் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொள்ள இடம் தருகிறது. எழுதித் தரச் சொல்லி மாகாண உள்ளூராட்சித் திணைக்களத்தை 17 சபைகளும் ஒரே குரலில் கேட்டால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது. கட்சி வேறு என்பீர்கள். உங்கள் எல்லோருடைய பிள்ளைகளும் ஒரே ரியூட்டரிக்குத்தான் போகின்றன.

அந்த உபவிதியில் என்ன எழுத வேண்டும்? நான் சட்டத்தரணி அல்ல, ஆனால் பூட்டிய தட்டிக்குள் நின்றவள். முதலில் வெளியே போகும் வழி. 30 பேருக்கு மேல் இருக்கும் எந்த அறைக்கும் இரண்டு வாசல், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், வகுப்பு நடக்கும்போது பூட்டு கூடாது. மாடியென்றால் இரண்டாவது படி. அது முடியாதென்றால் மாடி வேண்டாம். ஒரு வகுப்பு இறங்கும் நேரத்திலேயே அடுத்த வகுப்பு ஏறக் கூடாது. 10 நிமிடம் இடைவெளி விடுங்கள் என்று எழுதக் காசு செலவில்லை, ஆனாலும் ஓர் இடத்திலும் இல்லை. சமையல் எரிவாயு, பெற்றோல், பெயின்ற் வைத்திருக்கும் கடைக்கு மேலே பிள்ளைகள் கூடாது. பெண்பிள்ளைகளுக்குத் தனி மலசலகூடம், உள்ளே கொளுக்கியோடு. இதைச் சின்ன விடயமாக நினைக்கிறவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். 2 மணியிலிருந்து 7 மணி வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று மகள்மார் சொல்வார்கள்.

அடுத்தது, அந்த அறையில் நிற்கும் பெரிய ஆள். இதைப் பற்றி யாழ்ப்பாணத்தில் மெல்லிய குரலில்தான் பேசுவோம். பிள்ளைக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்ற பயத்தில் கெட்டவனை அடுத்த ஊர் ரியூட்டரிக்கு அனுப்பிவைத்த கதைகள் எனக்குத் தெரியும். யார் படிப்பிக்கிறார், அடையாள அட்டை இலக்கம் என்ன, பொலிஸ் அறிக்கை இருக்கிறதா என்று ஒரு பதிவேடு சபையில் இருந்தால் அந்த இடமாற்றம் இவ்வளவு சுகமாக நடக்காது. பூட்டிய அறைக்குள் ஒரு பிள்ளையும் ஒரு பெரிய ஆளும் தனியே இருக்கக் கூடாது. 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்தைப் பிள்ளையின் கண்மட்டத்தில் ஒட்ட வேண்டும், அலுவலக அலுமாரிக்குள் அல்ல. பிரம்பும் இதில் சேரும். 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சுற்றறிக்கை பள்ளிக்கூடங்களில் அடிக்கக் கூடாது என்கிறது. 2021-இல் ஒரு மாணவனின் செவிப்புலனைக் கெடுத்த அடிக்கு நட்டஈடு கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் எஸ். துரைராஜா. அந்தச் சுற்றறிக்கை பள்ளிக்கூடப் படலையோடு நின்றுவிடுகிறது. ரியூசனுக்குள் நுழையும்போது அதே பிள்ளையின் காது மலிவாகிவிடுகிறது. நானும் பிரம்பு வைத்திருந்தவள்தான். ஒளிக்கவில்லை.

டே கெயர்களுக்கு வேறு அளவு வேண்டும். இங்கேதான் நீங்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். நகரத்து வாடகைக் கட்டடத்தில் 40 பிள்ளை வைத்து நடத்துபவரையும் என்னையும் ஒரே படிவத்தில் அடைத்தால், அவர் ஆளை வைத்துப் படிவத்தை நிரப்புவார், நான் பயந்து பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். என்னைப் போலக் குடாநாட்டில் எத்தனை அம்மம்மாக்கள், மாமிமார், பக்கத்து வீட்டு அன்ரிமார். நாங்கள் கதவைச் சாத்தினால் அந்தத் தாய்மார் வேலையை விடுவார்கள், அல்லது பிள்ளையை 10 வயது அக்காவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். விதி காப்பாற்றிய பிள்ளை யாருமில்லாத வீட்டில் இருக்கும். ஆகவே 5 பிள்ளை வரை வெறும் பதிவு, இலவசமாக. வருடம் ஒருமுறை ஒருவர் வந்து கிணற்று மூடி, மருந்துப் பெட்டி, மண்ணெண்ணெய்ப் போத்தல் எங்கே இருக்கிறது, படலையில் கொளுக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம். அதற்கு மேலே போனால் உரிமம், ஆள் கணக்கு, முதலுதவிப் பயிற்சி, யார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார் என்ற கையொப்பப் புத்தகம்.

மலையகத்தில் இதற்கு நூறு வருடப் பழக்கம் உண்டு. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளையை விட்டுப்போகும் இடத்தைப் பிள்ளை மடுவம் என்பார்கள். எத்தனையோ மடுவங்கள் படுமோசமாக இருந்தன, இருக்கின்றன. ஆனால் வேலைக்குப் போகும் தாயின் பிள்ளையை யார் பார்ப்பது என்பது பொதுக் கேள்வி என்று அங்கே ஒத்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லை யாழ்ப்பாணத்தான் ஏளனமாகச் சொல்வதுண்டு. எங்களிடம் அதற்குச் சொல்லே இருக்கவில்லை. அம்மம்மா இருந்தாள். அம்மம்மாக்கள் இப்போது ரொறன்ரோவில்.

சபைக்கு ஆளணி இல்லை என்பது உங்கள் அடுத்த பதில். ஆள் இருக்கிறார்கள், சிதறி இருக்கிறார்கள். பி.எச்.ஐ. சுகாதாரப் பகுதியில். முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் பிரதேச செயலகத்தில். நன்னடத்தை உத்தியோகத்தர் இன்னோர் இடத்தில். கட்டடம் பார்க்கும் தொழினுட்ப உத்தியோகத்தர் உங்களிடம். ஆளுக்கொரு அமைச்சு, ஆளுக்கொரு கோப்பு. மாதத்தில் ஒரு நாள் இவர்கள் ஒரே வாகனத்தில் ஏறினால் போதும். வாகனம் உங்களிடம் இருக்கிறது, சிவராத்திரிக்கும் திருவிழாவுக்கும் தண்ணீர் கொண்டு ஓடுவதைப் பார்க்கிறோம்.

இரண்டு விடயத்தில் மட்டும் உங்களை நம்பாமல் இருக்கிறேன், கோபிக்க வேண்டாம். ஒன்று, இது வருமானத் தலைப்பாக மாறிவிடும். ரியூட்டரிக்கு வரி போட்டால் அது அடுத்த மாதமே மாணவரின் கட்டணத்தில் ஏறும், படிக்கட்டு அதே இடத்தில் இருக்கும். கட்டணம் வாங்குவதென்றால் அந்தக் காசு பரிசோதனைக்கே போகட்டும், வருட முடிவில் கணக்கைச் சபை வாசலில் ஒட்டுங்கள். இரண்டாவது, பெரிய ரியூட்டரி முதலாளியின் கதவை நீங்கள் தட்ட மாட்டீர்கள். தேர்தலுக்கு மண்டபம் தந்தவர் என்ற நன்றி உங்களுக்கு இருக்கும். இதற்கு ஒரு மருந்து: பரிசோதித்த திகதியும் கண்ட குறையும் எழுதிய ஒரு தாளை அந்தந்த வாசலிலேயே தமிழில் ஒட்டுவது. தாய்மார் வாசிப்பார்கள். குறையைத் திருத்த ஒரு வருடம் கொடுங்கள், ஒரே நாளில் பூட்டச் சொல்லாதீர்கள். வாடகைக் கட்டடத்தில் 30 பிள்ளைக்குப் படிப்பிக்கும், அரச வேலை கிடைக்காத பட்டதாரிக்கு இரண்டாவது வாசல் வெட்டுவது சின்னச் செலவல்ல. உங்கள் எல்லைக்குள் பின்னேரங்களில் பூட்டிக்கிடக்கும் சனசமூக நிலையங்கள் எத்தனை? ஒன்றை அவருக்குக் குறைந்த வாடகைக்குத் திறந்து கொடுங்கள். இரண்டு வாசல் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

அதோடு, பிறருடைய படிக்கட்டை அளக்க முன்னர் சபைகள் தங்கள் சொந்த நேசறிகளையும் நூலகச் சிறுவர் பகுதிகளையும் விளையாட்டுத் திடல்களையும் முதலில் அளந்து, அந்தத் தாளை முதலில் ஒட்ட வேண்டும். எங்கள் பக்கத்துப் பூங்காவில் ஊஞ்சல் சங்கிலி கறள் பிடித்து இரண்டு மாரி போய்விட்டது.

என் வீட்டிலிருந்தே தொடங்கலாம். கொக்குவிலில், ஒழுங்கையின் கடைசி வீடு, விறாந்தையில் நீலப் பாய் விரித்திருக்கும். கிணற்றுக்குப் போன மாதம் இரும்பு மூடி போட்டுவிட்டேன். மருந்துப் பெட்டி உயரத்தில் இருக்கிறது. பின்கதவில் ஒரு கீல் கழன்றிருக்கிறது, ஆசாரி வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், அதைக் குறையாக எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்கள் எந்த நாளும் வரலாம், வெள்ளியும் வரலாம். 12 மணியிலிருந்து 2 மணி வரை மட்டும் வர வேண்டாம், பிள்ளைகள் நித்திரை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருத்தி,
கொக்குவில்